கேரட் லாரிக்காரனுக்கு ஒரு ஸ்வெட்டர்: நூல் கணக்கும் நூல் வேட்டையும்

என் தம்பி கேரட் லாரி ஓட்டுகிறான். கேத்தி பாலாடாவில் இரவு லோடு ஏற்றினால் குன்னூர், பர்லியாறு, கல்லாறு வழியாக இறங்கி, விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் நிற்க வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் முந்நூறு மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஏறும்போது விரல் விறைக்கும். இறங்கி முடிக்கும்போது முதுகில் வேர்வை வழியும். போன குளிர்காலத்துக்கு முன்பு, “அக்கா, எனக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடேன். தலை வழியாக மாட்டுகிற மாதிரி மட்டும் வேண்டாம்” என்றான்.

அந்த இரண்டாவது வாக்கியம்தான் எனக்கு வேலையைத் தொடங்கிக் கொடுத்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலை வழியாகக் கழற்றுகிற ஆடையை, அதுவும் கொண்டை ஊசி வளைவுகளில், யாரும் போடக்கூடாது. ஆகவே முன்பக்கம் திறப்பு. கை நீட்டி ஓட்டுகிறவன் என்பதால் கையின் நீளம் ஒரு அங்குலம் கூடுதல். எந்நேரமும் உட்கார்ந்தே இருப்பதால் உடம்பின் நீளம் இடுப்பைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வயிற்றில் சுருண்டு எழும். கிரீஸ் கறை தெரியாத நிறம். ஸ்வெட்டர் யாருக்கு, எந்த வேலைக்கு என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவுகள் தாமாகவே வந்துவிடுகின்றன. பேட்டர்ன் படங்களை நாள்கணக்கில் புரட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பணத்தைப் பற்றியும் முதலிலேயே பேசிவிடுகிறேன். ஊட்டி தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர் கடைகளில் நல்ல ஆயத்த ஸ்வெட்டர்கள் ஆயிரம் ரூபாய்க்கு உள்ளேயே கிடைக்கின்றன. கையால் பின்னினால் காசு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது நம் பாட்டிகள் காலத்துக் கணக்கு. இன்று நூலுக்கே அந்தப் பணம் போய்விடும், உழைப்புக்குக் கூலி கிடையாது. கையில் பின்னுவதால் கிடைப்பது சரியான அளவு, நீண்ட நாள் உழைக்கும் உறுதி, பிறகு கிழிந்தால் அதே நூலில் ஒட்டுப்போடும் வசதி. எனவே நூலுக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதில்லை என்று ஒரு கோடு போட்டுக்கொண்டேன்.

பேட்டர்னைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதில் சொன்ன நூலைத் தேடுவது வெளிநாட்டு முறை. அங்கே அந்த நூல் அதே பெயரில் கடையில் இருக்கும். நமக்கு அந்த வழி சரிப்படாது. நீலகிரியிலோ கோவையிலோ உட்கார்ந்துகொண்டு ஸ்காட்லாந்து நூலைத் தேடி ஓய்ந்துபோய், ஆசையையே கைவிட்ட தோழிகள் எனக்கு உண்டு. இங்கே எந்த நூல் போதுமான அளவில் கிடைக்கிறதோ, அதுதான் ஸ்வெட்டரின் வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டும். நூல் முன்னால், பேட்டர்ன் பின்னால்.

ஆனால் “போதுமான அளவு” எவ்வளவு என்று தெரியாமல் கடைக்குப் போக முடியாது. கையில் எதுவும் இல்லாதபோது நான் மனத்தில் வைத்திருக்கும் உத்தேசக் கணக்கு இது. நடுத்தரக் கனமுள்ள உல்லன் நூலில், முழுக்கை வைத்த ஆண் ஸ்வெட்டருக்கு 500 முதல் 650 கிராம். பெண்களுக்கு 400 முதல் 550. ஐந்து வயதுக் குழந்தைக்கு 200 முதல் 250. கயிறு முறுக்கினாற்போன்ற கேபிள் பின்னல் வைத்தால் இதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும், சில சமயம் அதுவும் போதாது. கடைக்காரர் “ஐந்து கண்டு போதும் அம்மா, எல்லோரும் அவ்வளவுதான் வாங்குகிறார்கள்” என்பார். எல்லோரும் திரும்பி வந்து ஆறாவது கண்டு கேட்டதும், அது இல்லாமல் திண்டாடியதும் அவருக்கு நினைவில் இருக்காது.

அளவெடுப்பதில் ஒரு சிறு தந்திரம் உண்டு. ஆளை அளக்காமல், அவர் விரும்பிப் போடுகிற பழைய ஸ்வெட்டரை மேசையில் விரித்து அளக்க வேண்டும். உடம்பை அளந்தால் எவ்வளவு தளர்வு விடுவது என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அவருடைய பழைய ஸ்வெட்டர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டது. தம்பியின் மார்புச் சுற்றளவு 38 அங்குலம். அவன் போட்டுத் தேய்த்த பழைய ஸ்வெட்டரின் சுற்றளவு 42. அதையே எடுத்துக்கொண்டேன். நீளம் 26. கை, அக்குளிலிருந்து மணிக்கட்டு வரை 18. ஒன்று கூட்டி 19.

இனி நூல் வேட்டை.

குன்னூர், ஊட்டிக் கடைகளில் உல்லன் நூல் கிடைக்கும். ஆனால் குளிர் ஊர் என்பதால் மலைமலையாகக் குவிந்திருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பின்னுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இருக்கும் நூலில் பாதி குழந்தைகளுக்கான வெளிர் ரோஜா, வெளிர் நீலம். வேடிக்கை என்னவென்றால், பின்னுகிற ஊசிக்கு எங்களுக்குப் பஞ்சமே கிடையாது. குன்னூரிலிருந்து ஊட்டி போகும் சாலையில் எல்லநள்ளியில்தான் போனி ஊசிகளைச் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. ஊசி எங்கள் மலையில், நூல் பஞ்சாபில்.

ஆடும் இங்கேயே உண்டு. நீலகிரிச் செம்மறி என்று தனி இனமே இருக்கிறது. தென்னிந்தியச் செம்மறிகளிலேயே மென்மையான உரோமம் அதற்குத்தான். சாண்டிநல்லாவில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் செம்மறி இனப்பெருக்க ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் அந்த உரோமம் கைப்பின்னல் நூலாகிக் கடைக்கு வந்து நான் வாங்கியதில்லை. வெட்டிய உரோமத்தைக் கழுவி, சிக்கெடுத்து, நூற்கும் வேலையைச் செய்ய எனக்குப் பொறுமையும் இல்லை.

கோவையில் டவுன்ஹால் பக்கம் பெரிய கடை வீதி, ஒப்பணக்கார வீதி ஃபேன்சி ஸ்டோர்களில் நிறங்கள் அதிகம். ஆனால் அங்கே நூல் பெரும்பாலும் குரோஷா வேலைக்கும் வாசல் தோரணத்துக்கும் வாங்கப்படுகிறது. ஆகவே ஒரு நிறத்தில் இரண்டு மூன்று கண்டுதான் வைத்திருப்பார்கள். ஒரே நிறத்தில் ஆறு கேட்டால் கடைப்பையன் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான். சென்னைக்காரர்கள் பாரிமுனைச் சந்துகளில் தேடலாம். அங்கே மொத்த வியாபாரம் என்பதால் பாக்கெட்டாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

திருப்பூர்ப் பருத்தி நூலைப் பற்றி ஒரு வார்த்தை. “பக்கத்திலேயே திருப்பூர் இருக்கும்போது எதற்குப் பஞ்சாப்?” என்று கேட்காத உறவினர் இல்லை. பனியன் துணிக்குப் பயன்படும் 30-ஆம் எண் பருத்தி நூல் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 50 மீட்டர் நீளம் வரும். கையால் பின்னுகிற நடுத்தர உல்லன் நூல் ஒரு கிராமுக்கு இரண்டேகால் மீட்டர்தான். அதாவது இருபதுக்கும் மேற்பட்ட இழைகளைச் சேர்த்துப் பிடித்தால்தான் நம் ஊசிக்கு ஏற்ற கனம் வரும். சேர்த்துப் பின்னினாலும், பருத்தி கனமான இழை. ஸ்வெட்டர் தன் பாரத்தாலேயே கீழே இழுத்துக்கொண்டு முழங்காலை நோக்கிப் போகும். எங்கள் மூடுபனியில் நனைந்தால் காய்வதற்குள் வாரம் ஓடிவிடும். கோடைக்கு அரைக்கை மேற்சட்டை பின்ன வேண்டுமானால் கைப்பின்னலுக்கென்றே வரும் கனமான பருத்தி நூலை வாங்குங்கள். கோனில் சுற்றிவரும் பனியன் நூல் மலிவு என்பதற்காக ஏமாற வேண்டாம்.

உண்மையிலேயே மலிவான நூல் வேண்டும் என்றால், பழைய ஸ்வெட்டரைப் பிரிப்பதுதான் வழி. எனக்காகப் பின்னிய கையில்லாத ஸ்வெட்டர் முழுக்க அப்படி வந்ததுதான். வாங்குவதற்கு முன் ஸ்வெட்டரை உள்பக்கமாகத் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். ஓரத்தை வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் கீழே வைத்துவிடுங்கள். அதைப் பிரித்தால் ஒவ்வொரு வரிசையும் தனித் துண்டாகக் கையில் வரும். வெட்டாத ஓரங்கள் சங்கிலிக் கண்ணியாகத் தெரிந்து, அவற்றைச் சேர்த்து இணைத்திருந்தால் மட்டும் வாங்கலாம். நூல் நீளமாக உருவி வரும். கம்பளி ஸ்வெட்டர் துவைத்துத் துவைத்துச் சுருங்கித் திட்டுத்திட்டாக ஒட்டிப்போயிருந்தாலும் பிரியாது. பிரித்த நூல் நூடுல்ஸ் போலச் சுருண்டிருக்கும். அதை நாற்காலி முதுகில் சுற்றி வளையமாக்கி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கீழே சிறு பாரம் தொங்கவிட்டுக் காயவைத்தால் நேராகிவிடும். ஆலை ஸ்வெட்டரின் நூல் மெல்லியதாக இருப்பதால் இரண்டு மூன்று இழை சேர்த்துப் பின்ன வேண்டியிருக்கும். ஆண் ஸ்வெட்டர் ஒன்றுக்கு இரண்டு பழைய ஸ்வெட்டர்கள் தேவைப்படலாம், அதுவும் ஒரே நிறத்தில். அங்கேதான் இந்த வழி முட்டி நின்றுவிடுகிறது. தம்பிக்கு இதைச் செய்யாததற்கும் அதுவே காரணம்.

கடைசியில் லூதியானா நூலுக்கே வந்து சேர்ந்தேன். வர்த்மான், ஓஸ்வால், கங்கா என்று நம் கடைகளில் பார்க்கும் பெயர்கள் எல்லாம் அந்த ஊரிலிருந்து வருபவை. இணையத்திலும் கிடைக்கின்றன. வடக்கே குளிர் முடிந்த பிறகு, பிப்ரவரி மார்ச் வாக்கில், விலை இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அப்போது மிஞ்சிய நிறங்கள்தான் கிடைக்கும். ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவை சாயமேற்றியதில், ஆறு கண்டு சேர்வதும் கடினம்.

இந்த நூல்களில் பெரும்பகுதி அக்ரிலிக் என்னும் செயற்கை இழை. அக்ரிலிக்கை இளப்பமாகப் பேசுவது பின்னுகிறவர்களிடையே ஒரு நாகரிகமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழந்தைக்கும், இயந்திரத்தில் துவைக்கிறவர்களுக்கும், பூச்சி அரிக்கும் வீட்டுக்கும் அதுதான் சரி. விலையும் கம்பளி நூலில் சிறு பங்கு. நான் விசாரித்தபோது அக்ரிலிக் 100 கிராம் 90 ரூபாய். கம்பளி அக்ரிலிக் கலப்பு 140. இறக்குமதியான மெரினோ கம்பளி 50 கிராமே 500. மெரினோவில் தம்பி ஸ்வெட்டர் ஆறாயிரம் ரூபாய். அதைப் போட்டுக்கொண்டு அவன் கேரட் மூட்டைமேல் சாய மாட்டான், பீரோவில் மடித்து வைப்பான்.

நான் கலப்பு நூலுக்குப் போனதற்குக் காரணம் நெருப்பு. கேரட் கழுவும் இடத்தில் நடு இரவில் டிரைவர்களும் கூலியாட்களும் விறகு மூட்டிக் குளிர்காய்வார்கள். அக்ரிலிக்கில் பொறி பட்டால் உருகி ஒட்டும். கம்பளி எளிதில் தீப்பிடிக்காது, பிடித்தாலும் தானாக அணையும். கலப்பில் முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் கொஞ்சம் ஆறுதல் உண்டு. இன்னொன்று பனி. கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதிகாலையில் லாரியின் கதவைத் திறந்து இறங்குகிறவனுக்கு அது பெரிய விஷயம்.

உறையில் “உல்” என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாமல் வீட்டில் சோதித்துக்கொள்ளலாம். இரண்டு அங்குல நூலை இடுக்கியில் பிடித்து, சமையலறைத் தொட்டிக்கு மேலே தீக்குச்சி காட்டுங்கள். கம்பளியானால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக்கானால் உருகிச் சொட்டி, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிடும், நசுங்காது. பருத்தி காகிதம்போல எரியும். என் கலப்பு நூலில் நாற்றமும் வந்தது, மணியும் வந்தது. கடைக்காரர் சொன்னது உண்மைதான்.

உறையில் “4 பிளை” என்று இருப்பதைப் பார்த்துக் கனத்தை முடிவு செய்யவும் கூடாது. எத்தனை இழைகளை முறுக்கியிருக்கிறார்கள் என்பதைத்தான் அது சொல்கிறது. ஒவ்வொரு இழையும் எவ்வளவு பருமன் என்பதைச் சொல்வதில்லை. அதைவிட உதவியானது நீளம்: 100 கிராமுக்கு எத்தனை மீட்டர். சில உறைகளில் இருக்கும், பலவற்றில் எடை மட்டும்தான். அந்த எடையும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 100 என்று போட்ட கண்டு ஒன்று வீட்டுத் தராசில் 94 காட்டியிருக்கிறது.

எனவே முதலில் ஒரே ஒரு கண்டு வாங்கினேன், காப்பிக்கொட்டை நிறத்தில். அதே நிறத்தில் இருப்பதை எல்லாம் ஒரு வாரம் எடுத்துவைக்கச் சொல்லி முன்பணம் கொடுத்தேன். கேட்டால் பெரும்பாலான கடைக்காரர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். பிரிக்காத கண்டைத் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்பதையும் அப்போதே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிவிடுவது நல்லது.

அந்த ஒரு கண்டில் மாதிரித் துண்டு. எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிற வேலை இது. நான்கு அங்குலம் போதும் என்பார்கள். நான் ஆறு அங்குலத்துக்கு ஆறு அங்குலம் பின்னுவேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பின்னியதும் துவைத்து, இழுக்காமல் துண்டின்மேல் பரப்பிக் காயவிட வேண்டும். எங்கள் ஊர் மழையில் அதற்கே நாள் பிடிக்கும். ஆனாலும் துவைப்பதற்கு முன்பு இருக்கிற அளவும் பின்பு இருக்கிற அளவும் ஒன்றல்ல. தம்பி அந்த ஸ்வெட்டரைத் துவைக்கத்தான் போகிறான், ஆகவே துவைத்த பிறகு வருகிற அளவுதான் கணக்கு.

காய்ந்ததும் நடுவில் நான்கு அங்குலத்தைக் குறித்துக் கண்ணிகளை எண்ணினேன்: 22. அங்குலத்துக்கு ஐந்தரை. 42 அங்குலத்துக்கு 231 கண்ணி. அரைக் கண்ணிதானே என்று அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் போட்டுப் பாருங்கள். அங்குலத்துக்கு ஐந்து விழுந்தால் அதே 231 கண்ணி 46 அங்குலத்துக்கும் மேல் போகும். ஆறு விழுந்தால் முப்பத்தெட்டரை அங்குலம், அதாவது உடம்போடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு வேறு ஆட்களின் ஸ்வெட்டர்கள்.

அதே துண்டைச் சரியான ஆறு அங்குலச் சதுரமாகப் பின்னியிருந்ததால், இப்போது எடை போடலாம். என் சமையலறைத் தராசு ஒரு கிராம் கூட்டியோ குறைத்தோ காட்டும். பத்து கிராமில் ஒரு கிராம் பிசகினால் கணக்கில் பத்து சதவீதம் போச்சு. துண்டைப் பெரிதாகப் பின்னுவது இந்தப் பிசகைக் குறைக்கத்தான். அதுவும் போதாது என்று, கடைவீதியில் தெரிந்த நகைப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். ஆசாரி மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த தராசில் ஒரு சங்கிலியை எடுத்துவிட்டு என் காப்பி நிறச் சதுரத்தை வைத்தார். கதவை மூடினார். எண் ஓடி நின்றது. “பத்து கிராம், எண்பது மில்லி” என்று ராகமாகச் சொன்னவர், “சேதாரம் எவ்வளவு போடப்போகிறீர்கள்?” என்று கேட்டார். “பதினைந்து சதவீதம்” என்றேன். “நாங்கள் அவ்வளவு போட்டால் சண்டைக்கு வருகிறீர்களே” என்றார்.

மீதி பள்ளிக்கூடக் கணக்குதான். 36 சதுர அங்குலத்துக்குப் பத்து கிராம் சொச்சம். உடம்பு 42 பெருக்கல் 26, ஆகவே 1,092 சதுர அங்குலம். கை, மணிக்கட்டில் 9 அங்குலமும் மேலே 16 அங்குலமும் அகலம். சராசரி பன்னிரண்டரை, நீளம் 19. இரண்டு கைக்கும் சேர்த்து 475. பொத்தான் பட்டி, கழுத்துப்பட்டி எல்லாம் சுமார் 133. கூட்டினால் 1,700. கழுத்துக்கும் அக்குளுக்கும் வெட்டுப்படும் பகுதியை நான் கழிப்பதில்லை, அது கூடுதல் காப்பு. 1,700-ஐ 36-ஆல் வகுத்து 10.08-ஆல் பெருக்கினால் 476 கிராம். ஆசாரி கேலி செய்த சேதாரத்தையும் சேர்த்தால் 547. நூறு கிராம் கண்டு ஆறு, 840 ரூபாய். என் கோட்டுக்குள் வந்துவிட்டது. மிச்சம் பொத்தானுக்கு.

இந்த எடைக் கணக்கின் அழகு, நூலின் நீளம் தெரியாவிட்டாலும் கவலை இல்லை என்பதுதான். உறை சொல்லாததை உங்கள் துண்டு சொல்லிவிடும். கேபிள் பின்னலானால் துண்டையும் கேபிளிலேயே பின்னி எடை போடுங்கள். கூடுதல் நூல் தானாகவே கணக்கில் ஏறிவிடும்.

எடுத்துவைத்த கண்டுகளை வாங்கப் போனபோது ஒரு சிக்கல் காத்திருந்தது. ஆறில் நான்கு ஒரு லாட் எண், இரண்டு இன்னொன்று. ஷேட் எண் ஒன்றேதான். ஷேட் எண் நிறத்தின் பெயர். லாட் எண் அந்த நிறம் எந்தச் சாயத் தொட்டியில் முக்கப்பட்டது என்பதன் அடையாளம். ஒவ்வொரு முறையும் சாயம் மயிரிழை மாறும். கடைக்குள் குழல் விளக்கில் ஆறும் ஒன்றுபோல இருந்தன. கடைக்காரரும் “வித்தியாசமே இல்லை அம்மா” என்றார். இரண்டு லாட்டிலும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வெயிலில் ஒட்டவைத்துப் பார்த்தேன். ஒன்றில் சிவப்பு லேசாகத் தூக்கல். இதைக் கவனிக்காமல் முதுகில் பாதியில் கண்டு மாறினால், ஒரு கோடு போட்டாற்போல் காட்டிக் கொடுத்துவிடும்.

வாங்காமல் வந்திருக்கலாம். ஆனால் இந்த நிறத்தில் இவ்வளவு வேறெங்கும் இல்லை. கணக்கு கையில் இருந்ததால் அங்கேயே நின்று பங்கு போட முடிந்தது. உடம்புக்கு 306 கிராம். அது நான்கு கண்டு லாட்டில் அடங்கும். கைகளுக்கு 133, பட்டிகளுக்கு 37, ஆக 170. அது இரண்டு கண்டு லாட்டில் அடங்கும். கை தொங்கும் கோணம் வேறு, அதன்மேல் வெளிச்சம் விழும் விதம் வேறு, நடுவே தையல் வேறு இருக்கிறது. அந்த இடத்தில் மயிரிழை நிற மாற்றம் கண்ணில் படாது. ரிப் பின்னலில் மேடும் பள்ளமும் இருப்பதால் பட்டிகளிலும் தெரியாது. ஒரே பகுதிக்குள் இரு லாட்டையும் கலக்கத்தான் வேண்டும் என்றால், இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் எல்லை கரைந்துவிடும். அதற்கு இரண்டு கண்டையும் எந்நேரமும் இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். என் வீட்டில் பூனை இருக்கிறது.

பின்னத் தொடங்கும்போது கையிலிருந்து தொடங்குங்கள். முதுகிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம், எனக்குப் பள்ளியில் கைவேலை வகுப்பில் கற்றுக்கொடுத்ததும் அதுதான். ஆனால் கை சிறியது, சீக்கிரம் முடியும், பெரிய அளவில் இன்னொரு மாதிரித் துண்டாகவும் ஆகிவிடும். கணக்குப்படி ஒரு கை 66 கிராம் வர வேண்டும். வந்தது 69. அதே விகிதத்தில் முழு ஸ்வெட்டரும் இருபது கிராம் சொச்சம் கூடும். சேதாரத்துக்கு வைத்த எழுபது கிராம் இருக்கிறது, போகலாம். எண்பது கிராம் வந்திருந்தால், உடம்பைத் தொடங்கும் முன்பே நீளத்தைக் குறைப்பதா, இன்னொரு கண்டு தேடுவதா என்று நிதானமாக யோசித்திருப்பேன். முதுகு முடிந்து கழுத்துக்கு வந்த பிறகு அந்த யோசனையால் பயன் இல்லை.

வெளிநாட்டுப் பேட்டர்னைப் பார்த்துப் பின்னுகிறவர்கள் ஊசி எண்ணில் விழிப்பாக இருக்க வேண்டும். நம் கடைகளில் கிடைப்பது பழைய பிரிட்டிஷ் எண். எண் கூடக் கூட ஊசி மெலியும். 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10-ஆம் எண் மூன்றேகால். அமெரிக்க எண் இதற்குத் தலைகீழ். எண் கூடக் கூடத் தடிக்கும். அமெரிக்கப் பேட்டர்னில் 8 என்றால் 5 மில்லிமீட்டர். இரண்டும் 8 என்பதால் நம் 8-ஐ எடுத்துப் பின்னினால் ஸ்வெட்டர் பலகைபோல் விறைத்து, அளவிலும் சுருங்கிவிடும். எண்ணை விட்டுவிட்டு மில்லிமீட்டரைப் பாருங்கள். நான் உடம்புக்கு 8, ரிப்புக்கு 10 வைத்தேன்.

தம்பி ஜிப் கேட்டான். மறுத்துவிட்டேன். பின்னிய துணி நீளும், ஜிப் நீளாது. தைத்த சில மாதங்களில் முன்பக்கம் அலை அலையாக எழும்பும். ஜிப் பல் உடைந்தால் முழுவதையும் பிரித்தாக வேண்டும். பொத்தான் அறுந்தால் மண்டியில் யாரிடமாவது ஊசி நூல் கேட்டுத் தைத்துக்கொள்ளலாம். பெரிய பொத்தானாக, இடைவெளி அதிகமாக வைத்தேன், ஒரு கையால் கழற்றும்படி. பை கேட்டான், அதையும் மறுத்தேன். பின்னல் பையில் கைப்பேசியைப் போட்டால் அந்தப் பக்கம் மட்டும் தொங்கிவிடும். “கேட்டது எதுவுமே கிடைக்காதா?” என்றான். தலை வழியாக மாட்ட வேண்டாம் என்று கேட்டது கிடைத்ததே.

துவைப்பதைப் பற்றி அவன் மனைவிக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன். குளிர்ந்த நீர், முறுக்கிப் பிழியக்கூடாது, கொடியில் தொங்கவிடாமல் பரப்பிக் காயவைக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டி கிட்டவே வரக்கூடாது. அக்ரிலிக் கலந்த நூலில் சூடு பட்டால் பின்னலின் துள்ளல் செத்து, துணி தொளதொளத்துப்போகும். அது திரும்பி வராது.

முடிந்தபோது கையில் நூறு கிராமுக்குச் சற்றுக் குறைவாக நூல் மிஞ்சியது, இரண்டு லாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம். அதைக் குல்லாயாக்கச் சொல்லி வீட்டில் கேட்டார்கள். கொடுக்கவில்லை. லாரிக்காரர்கள் வலது முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றியே ஓட்டுவார்கள். முதலில் தேயப்போவது அந்த இடம்தான். கைகளைப் பின்னிய லாட்டில் மிஞ்சியதை உறையோடு, லாட் எண் தெரியும்படி, ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். ஒட்டுப்போடும் நூல் புதிதாகவும் ஸ்வெட்டர் வெளுத்தும் இருந்தால் இரண்டும் சேராது என்பதால், அவன் ஸ்வெட்டர் துவைக்க வரும்போதெல்லாம் அந்த மிச்ச நூலையும் ஒரு துணிப் பையில் கட்டி அதோடு சேர்த்துத் துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.